பதினேழாம் நாரை

ஒரு தீப்பெட்டி அளவுச் சாமானுக்காக எங்கள் தெருவுக்கு மூன்று ஜீப் வந்தது. இருபது வருஷமாக இந்தத் தெருவில் குடியிருக்கிறேன். சாக்கடை அடைத்து வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது ஒரு சைக்கிள்கூட வரவில்லை. குப்பைமேடு சரிந்து இரண்டு பெண்கள் அடியில் போனபோது, நாங்களே தோண்டி எடுத்த பிறகுதான் ஒரு வண்டி வந்தது. அதுவும் பெயரை எழுதிக்கொண்டு போக. அந்தத் தெருவுக்கு மூன்று ஜீப்!

நான் மனு எழுதுகிறவன். கோர்ட்டும் மற்ற அலுவலகங்களும் இருக்கிற வளாகத்தின் வாசலில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பழைய தட்டச்சு எந்திரம், இதுதான் என் பிழைப்பு. ஊரில் யாருக்கு என்ன வயிற்றெரிச்சல் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு அடுத்த சுவர் ஒரு பழைய சாமான் கிடங்கு. முன்பக்கம் கிடங்கு, நடுவில் ஓர் அறை வீடு, பின்பக்கம் லாரி வந்து நிற்கிற சந்து.

கிடங்கை நடத்துகிறவளை ஊரே தராசு என்றுதான் கூப்பிடும். மூட்டையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, கண்ணை லேசாக மூடி, எடையைச் சொல்லிவிடுவாள். எந்திரத்தில் வைத்துப் பார்த்தால் கால் கிலோ முன்னே பின்னே இருக்காது. ஒன்பது வருஷம் நகராட்சிக் குப்பை லாரிக்குப் பின்னால் நடந்து தொட்டி தொட்டியாக அள்ளிப் போட்டவள். முதுகு போன பிறகுதான் இந்தக் கிடங்கு. புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் கோட்டான். ஊமைக்கோட்டான் என்பதன் சுருக்கம். வாய் பேசாதவன் இல்லை; பேசுவதற்கு இதுவரை எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

லாரி தினமும் மேட்டுக்குப் போகிற வழியில் இவர்கள் பின்சந்தில் நின்று, காய்ந்த குப்பை மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். அதைத் தரையில் கொட்டி இரண்டு பேரும் குந்திக்கொண்டு பிரிப்பார்கள். வெள்ளைத்தாள் ஒரு குவியல், அட்டை ஒரு குவியல், கெட்டிப் பிளாஸ்டிக் தனி, சரசரக்கிற பிளாஸ்டிக் தனி, கண்ணாடி, கம்பி. கடைசியாக, சர்க்யூட் இருக்கிற எதுவானாலும் 'போர்டு' டப்பாவில். வெள்ளிக்கிழமை போர்டுக்காரர் வந்து எடுத்துப் போவார்.

போர்டு விஷயத்தில் அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விளக்கு எரிகிற பொருளை உடைக்கக் கூடாது, டப்பாவிலும் போடக் கூடாது. முந்தின வருஷம் கோட்டான் ஒரு செல்போனைத் தட்டிப் பிரிக்கப் போய் அது வெடித்து, அவன் இடது புருவம் போனது போனதுதான், முளைக்கவே இல்லை. அன்றையிலிருந்து, 'உசிரோட இருக்கற சாமான்' எதுவானாலும் ஜன்னல் திட்டில் வைத்துவிடுவார்கள். சிமெண்டுத் திட்டு, பக்கத்தில் தாள் கிடையாது, வெடித்தாலும் பாதகமில்லை. சார்ஜ் தீர்ந்து விளக்கு அணைந்ததும் டப்பாவுக்கு மாற்றுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூட்டையில் அந்தச் சாமான் வந்தது. கறுப்பாக, மேலே கண்ணாடி மாதிரி வழவழப்பு, வால்போல ஒரு சின்னக் கம்பி, இரண்டு பக்கமும் அறுந்த பட்டை. ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு நிமிஷத்துக்கு ஒருதரம் கண் சிமிட்டியது.

"என்ன எழவோ, உசிரு இருக்கு" என்று அவள் அதை ஜன்னலில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை போர்டுக்காரர் வந்தபோதும் சிமிட்டிக்கொண்டிருந்தது. "அடுத்த வாரம் வாங்கிக்கங்கண்ணே, இது சாக மாட்டேங்குது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்னிடமும் காட்டினாள். "நீங்க நாலு எழுத்துப் படிச்சவராச்சே, இது என்னன்னு சொல்லுங்க." நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏதோ விளையாட்டுச் சாமான் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். தினமும் பேப்பர் படிக்கிறவன் நான், என்ன பிரயோசனம்! அந்த வழவழப்பு வெயிலைக் குடிக்கிற தகடு என்று எனக்கும் தெரியவில்லை. சார்ஜ் தீரட்டும் என்று இவர்கள் காத்திருந்தது, தெருவிலேயே அதிகமாக வெயில் அடிக்கிற ஜன்னலில்.

வியாழக்கிழமை காலையில் ஜீப் வந்தது. வனத்துறை. ஓர் அதிகாரி, ஐந்தாறு காவலர்கள், கையில் லேப்டாப்போடு ஓர் இளம்பெண். அந்தப் பெண் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஆறு மீட்டர், சார். நாலு மீட்டர். இங்கதான்" என்று நேரே ஜன்னலுக்கு வந்து அந்தச் சாமானைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் அழுதுவிட்டாள். அது எனக்கு இப்போதும் மறக்கவில்லை. கெட்ட பெண் இல்லை.

"பறவை எங்கே?" என்றார் அதிகாரி.

"எந்தப் பறவைங்க?"

"நடிக்காதே. நாரை. பதினேழாம் நம்பர். கடல் தாண்டி வந்த பறவை. இது அதோட முதுகில் கட்டியிருந்தது. பட்டையைக் கத்தியால அறுத்திருக்கீங்க. எங்கே அது?"

"மூட்டையில வந்துச்சுங்க. பறவையெல்லாம் எங்களுக்குத் தெரியாது."

"தேடுங்கய்யா."

தேடினார்கள். எப்படித் தேடினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று நாள் குந்தி உட்கார்ந்து பிரித்து வைத்த குவியலையெல்லாம் பூட்ஸ் காலால் உதைத்து ஒன்றாக்கினார்கள். வெள்ளைத்தாளில் கண்ணாடி, கண்ணாடியில் கம்பி. அட்டைமேல் யாரோ எண்ணெய் டப்பாவைத் தட்டிவிட்டான். மூன்று நாள் உழைப்பு மூன்று நிமிஷத்தில் மறுபடி குப்பை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவன் அடுப்பிலிருந்த சட்டியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"என்ன கறி இது?"

"உருளைக்கிழங்குங்க" என்றாள் தராசு. "இறக்கை வச்ச உருளைக்கிழங்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாது."

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. கோட்டானின் கையைப் பிடித்து, "உன் பேரென்ன?" என்றார். அவன் பதில் சொல்லவில்லை. வாசலில் கூடியிருந்தவர்களில் எவனோ, "கோட்டான் சார்" என்று சொல்லித் தொலைத்தான். கூட்டம் சிரித்தது. கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

"கல்லுளிமங்கன். இங்கே பேச மாட்டான், ஏத்துங்க வண்டியில."

"ஏங்க, எதுக்குங்க அவரை? சாமானை ஜன்னல்ல வச்சது நான். என்னை ஏத்துங்க!" என்று அவள் ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டாள். விரலைப் பிரித்துவிட்டுப் போனார்கள். கிடங்குக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, அரக்கு வைத்து, ஒரு தாளும் ஒட்டினார்கள். பாதுகாக்கப்பட்ட பறவையைக் கொன்ற குற்றத்துக்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

"அண்ணே, நீங்க கூட வாங்க. அவங்க எதையாவது எழுதி நீட்டுவாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். "மேட்டுல பறவை சாகுதுன்னு மூணுதரம் உங்ககிட்டத்தானேண்ணே எழுதச் சொன்னேன்? நைலான் நரம்பு நூலு கால்ல சுத்திக்கிட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னுட்டு, வாரம் நாலு கிடக்குதுன்னு. மூணு மனுவும் இதே ஆபீசுக்குத்தானே? ஒருத்தராவது வந்தாங்களா? மனுஷி மனு குடுத்தா வர மாட்டாங்க. இதுக்கு மட்டும் மூணு ஜீப்பு!"

மூன்று மனுவையும் தட்டச்சு செய்தவன் நான்தான். ஒப்புகைச் சீட்டு மூன்றும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

வனத்துறை அலுவலகத்தில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அந்த நாரையின் படம் மாட்டியிருந்தது. ஆள் உயரப் படம். கீழே அதன் எடை, வயது, எந்தத் தேதியில் எந்த ஏரியில் இறங்கியது, எத்தனை நாள் பறந்தது எல்லாம். கோட்டானை அதற்கு நேர் கீழே தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அழகான பறவைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். அதற்காக மனுஷனைத் தரையில் உட்கார வைக்க வேண்டுமா?

ஒன்றரை மணி நேரம் எங்களைக் காக்க வைத்தார்கள். அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். லேப்டாப் பெண் மூலையில் ஒரு மேஜையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தராசு மெதுவாக அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"பாப்பா, இதுல என்னம்மா தெரியுது?"

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரையைத் திருப்பிக் காட்டினாள். "இது நம்ம ஊரு. மேல இருந்து பார்த்தா இப்படித் தெரியும். இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் அந்த நாரை இருந்த இடம். அந்தக் கருவி அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் அனுப்பும்."

"எங்க வீடு எது?"

"இது."

"அப்ப இது ரயில்வே கேட்டு. இது ஆஸ்பத்திரி. சரிதானா?"

"ஆமா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தராசு விரலால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். உதடு மட்டும் அசைந்தது. மூட்டையை எடை பார்க்கும்போது இருக்கிற அதே முகம். பாதி தூரம் போனதும் நிமிர்ந்தாள்.

"இந்தப் புள்ளியெல்லாம் எந்தக் கிழமை பாப்பா?"

"போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய். அன்னிக்கு அது ஊருக்குள்ள தாழப் பறந்து இரை தேடியிருக்கு. நகரத்துக்குப் பழகுதுன்னு நாங்க ஒரு அறிக்கைகூட எழுதினோம்."

"யாரு, இதுவா இரை தேடுச்சு?" தராசுவின் குரல் ஏறிவிட்டது. "ஆஸ்பத்திரி பின்பக்கம் ரெண்டு புள்ளி. அங்க ரெண்டு தொட்டி, பத்து நிமிஷம் ஆகும். பள்ளிக்கூட மூலையில ஒண்ணு. மார்க்கெட்டுல மூணு. இந்தா, பெட்ரோல் பங்குக்கு எதிர்ல நாலு புள்ளி ஒரே இடத்துல. அங்க என்ன இருக்கு தெரியுமா? டீக்கடை. டிரைவர் இருபது நிமிஷம் உக்காருவார். நாரை டீ குடிக்குமாம்மா?"

அந்தப் பெண் அந்த நாலு புள்ளியையும் மறுபடி எண்ணினாள்.

"இது பறவை போன வழி இல்ல. குப்பை லாரி போன வழி. ஒன்பது வருஷம் இந்த வழியில நடந்திருக்கேன். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். கடைசில எங்க பின்சந்துல நிக்குது பாரு, மூட்டையை இறக்கினது அங்கதான். அதுக்கு முந்தியே செத்துப்போச்சு உன் நாரை. மொதல்ல லாரி எங்க ஏத்துச்சுன்னு பாரு."

அந்தப் பெண் திரையைப் பின்னோக்கி நகர்த்தினாள். முதல் புள்ளிக்குப் போனாள். ஊரின் மேற்கு ஓரம், பெரிய சதுரமான கட்டடம், பக்கத்தில் நீலமாக ஒரு குளம்.

"செவ்வாய்க்கிழமைன்னா வண்டி மேக்க இருந்துதான் கிளம்பும். மொத நிறுத்தம் பங்களா பின் கேட்டு" என்றாள் தராசு. "உங்க பங்களாதான். உங்க பெரிய ஆபீசருங்க வந்து தங்கற பங்களா. அதுல குளத்துக்குள்ள எத்தனை புள்ளிம்மா?"

"நிறைய. ரெண்டு நாள்." பெண்ணின் குரல் சன்னமாகிவிட்டது. "ரெண்டு நாளும் ஒரே இடத்துல. பாதுகாப்பான இடத்துல தங்கியிருக்குன்னு நான் குறிப்பு எழுதினேன்."

"விருந்தாளிக்கு மீன் வளர்க்கறாங்க அந்தக் குளத்துல. பறவை மீனை எடுத்துடக் கூடாதுன்னு மேல நைலான் வலை போட்டிருக்கு. அந்த மூட்டையில இந்தச் சாமானோட பச்சை வலைத்துண்டும் வந்துச்சு, இறகு ஒட்டிக்கிட்டு. வலை தனிக் குவியல், அதனால எனக்கு நினைப்பிருக்கு. அதையும் சேத்துத்தான் இன்னிக்கு உங்க ஆளுங்க மிதிச்சாங்க."

அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கோ கத்த வேண்டும்போல இருந்தது. இரண்டு நாள் அந்தப் பறவை வலையில் மாட்டிச் செத்து வெயிலில் தொங்கியிருக்கிறது. அது பத்திரமாகத் தங்கியிருக்கிறது என்று வானத்திலிருந்து பார்த்துக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். பங்களா ஆபீசிலிருந்து மூன்று கிலோமீட்டர். ஒருத்தர் நடந்து போய்ப் பார்த்திருந்தால் போதும். தோட்டக்காரன் பயந்துபோய்ப் பட்டையை அறுத்துப் பறவையைப் புதைத்துவிட்டு, கருவியையும் வலைத்துண்டையும் மூட்டையில் திணித்திருப்பான்; அவனைக்கூட நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அதிகாரி வந்தார். அந்தப் பெண் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள், திக்கித் திக்கி. அவர் திரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கால் மணி நேரம் பேசினார். திரும்பி வந்தபோது குரலில் தேன் ஒழுகியது.

"சரிம்மா. உன் வீட்டுக்காரர் கொல்லலைன்னு நான் நம்பறேன். பிரச்சினையை இத்தோட முடிச்சுக்கலாம். கூட வந்திருக்காரே, இவர் மனு எழுதறவர்தானே? நான் சொல்றதை எழுதட்டும். நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க, வீட்டுக்குப் போங்க. பூட்டையும் திறந்துடறோம்."

தாளை என் கையில் திணித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். எழுத எழுதக் கை கூசியது. எத்தனையோ பொய் மனு எழுதியிருக்கிறேன், இப்படிக் கூசியதில்லை.

"படிங்கண்ணே" என்றாள் தராசு.

படித்தேன். "குப்பைமேட்டில் இறந்து கிடந்த நாரையின் முதுகிலிருந்து கருவியை நாங்கள் அறுத்து எடுத்தோம். அறியாமல் செய்த பிழை, மன்னிக்க வேண்டுகிறோம்."

"அந்தப் புள்ளியெல்லாம்?" என்று கேட்டாள் லேப்டாப் பெண்.

"அது கருவிக் கோளாறும்மா. அந்த ரெண்டு மூணு நாளை நீக்கிடு" என்றார் அதிகாரி, அவளைப் பார்க்காமலே. தராசுவிடம், "போடலைன்னா நாளைக்குக் காலையில கோர்ட். அப்புறம் ஜெயில்தான். வக்கீல் வச்சு வாதாட உங்களால முடியுமா? யோசிச்சுக்கோ" என்றார்.

அவள் யோசித்தாள். அப்பேர்ப்பட்ட சூரப்புலி தளர்ந்ததைப் பார்த்து நானே அசந்துபோனேன். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்தாள். "போட்டுடலாம்ணே. அவரு வீட்டுக்கு வந்தாப் போதும். பேரு கெட்டா என்ன, நமக்கு என்ன பெரிய பேரு?"

"வேண்டாம்."

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கோட்டான்தான். தரையிலிருந்து எழுந்து நின்றிருந்தான். புருவம் இல்லாத பக்கம் துடித்துக்கொண்டிருந்தது.

"நான் அறுக்கல" என்றான். "அறுக்காததை அறுத்தேன்னு எழுதினா, நாளைக்கு எந்தப் பறவை செத்தாலும் இவங்க நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க. துடைச்சுக்கோ விரலை."

பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தராசு விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். நான் எழுதிய தாளை நானே நாலாகக் கிழித்தேன். அதிகாரி என்னை ஏதோ சொன்னார், அதைத் திரும்ப எழுத முடியாது. கோட்டானை மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வரும்போது தராசு அந்தப் பெண்ணின் மேஜையருகில் நின்றாள்.

"அழிச்சிடுவியா பாப்பா?"

"வேலை போயிடும்க்கா."

"போகுந்தான். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் புருஷன் போறாரு. நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டுல இருப்பேன்."

மறுநாள் கோர்ட்டில் வக்கீல் யாரும் எங்களுக்கு இல்லை. நான் இரவோடு இரவாகத் தட்டச்சு செய்த நாலு பக்கத்தை நீதிபதியிடம் கொடுத்தோம். நீதிபதி, மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், பொறுமையாகப் படித்தார். "இதில் சொல்லியிருக்கிற வரைபடம் எங்கே?" என்றார். துறை வக்கீல் எழுந்து, கருவி பழுது, பதிவு எதுவும் இல்லை என்றார். தராசு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே கால். பத்தரை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

"பதிவு இருக்கு, அம்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. அதிகாரி பாதி எழுந்து, நீதிபதி பார்க்கவும் உட்கார்ந்தார்.

"நீங்கள் விளக்குகிறீர்களா?"

"நான் கொண்டு வந்திருக்கேன். ஆனா எனக்கு இதைப் படிக்கத் தெரியலை. ரெண்டு நாள் செத்துக் கிடந்ததைப் பத்திரமா தங்கியிருக்குன்னு எழுதினவ நான். இவங்க படிப்பாங்க."

எழுதப் படிக்கத் தெரியாத தராசு நீதிபதியின் மேஜைக்குப் போனாள். திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பி, முதல் புள்ளியில் விரலை வைத்தாள்.

"இது பங்களாக் குளமுங்க. செத்தது இங்க."

நீதிபதி எழுதிக்கொண்டார். "சரி. அடுத்த புள்ளி?"

"அடுத்ததுக்கு அப்புறம் போலாங்க" என்றாள் தராசு, விரலை எடுக்காமல். "அது வெறும் லாரிங்க. இந்தப் புள்ளியில வலை போட்டது யாருன்னு மொதல்ல அவரைக் கேளுங்க."

நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.